பேலட்: ஓட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு சொல்

ஊராட்சித் தேர்தல் அன்று ஏற்காடு மலையில் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ பூத்துக்குப் போகிறவரிடம் நான்கு சீட்டுகளைக் கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். மலையை விட்டு இறங்கி அஸ்தம்பட்டிக்கு வந்தால், 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சீட்டே இல்லை. பொத்தானை அழுத்தினால் 'பீப்' சத்தம், வேலை முடிந்தது. மலையில் கொடுத்த காகிதத்தின் பெயர் பேலட் பேப்பர். நகரத்தில் அழுத்திய கருவியின் பெயர் பேலட் யூனிட். தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர் போடுவது போஸ்டல் பேலட். சங்கத் தேர்தல் நோட்டீசில் வருவது சீக்ரெட் பேலட்.

இத்தனைக்கும் பொதுவாக நிற்கும் அந்தச் சொல்லுக்கு 'ஓட்டு' என்று பொருள் எழுதிவிட்டுப் போட்டித் தேர்வு மாணவர்கள் பலர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். அது பாதிதான் சரி. பேலட் என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்கக்கூடிய ஒரு பொருள். மற்றொன்று, யாருக்குப் போட்டார் என்று பிறர் பார்க்க முடியாத மறைவு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் தானாகத் திறக்கும்.

சின்ன உருண்டை

இத்தாலிய மொழியில் 'பல்லோட்டா' என்றால் சிறு உருண்டை. வெனிஸ் நகரத்தில் ஓட்டெடுப்புக்கு உருண்டைகளைப் பயன்படுத்தினார்கள். கைக்குள் மூடிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் யார் எதைப் போட்டார் என்று தெரியாது. அந்த வழக்கத்தோடுதான் இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஒருவரை மன்றத்தில் சேர்க்க மறுப்பதை ஆங்கிலத்தில் 'பிளாக்பால்' என்பதும் கறுப்பு உருண்டை போட்டு மறுத்த பழக்கத்தின் மிச்சம். துப்பாக்கிக் குண்டைக் குறிக்கும் 'புல்லட்' பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். அதற்கும் சிறு உருண்டை என்றே பொருள். 'பேலட்டா புல்லட்டா' என்று பத்திரிகைகள் தலைப்புப் போடுவது இந்த ஒலி ஒற்றுமையை வைத்துத்தான்.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் இப்போதே பிரித்துவிடுவது நல்லது. 'வோட்' லத்தீனில் வேண்டுதல், நேர்ந்துகொள்ளுதல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அது மனத்தின் முடிவு. 'போல்' என்பதற்குப் பழைய பொருள் தலை. கோயில் திருவிழாவுக்கு நம் ஊர்களில் தலைக்கட்டு வரி வசூலிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்குதான் ஆங்கிலத்தில் 'போல் டாக்ஸ்'. தலையை எண்ணுவது என்பதால் ஓட்டுப்பதிவு நடக்கும் நாளும் இடமும் 'போலிங்' ஆயின. கருத்துக்கணிப்பும் 'போல்' ஆயிற்று. 'எலெக்‌ஷன்' என்பது அறிவிப்பு முதல் முடிவு வரை முழுவதும். ஒரே வாக்கியத்தில் வைத்தால் இப்படி வரும்: எலெக்‌ஷன் அறிவித்தார்கள், போலிங் காலை 7 மணிக்குத் தொடங்கியது, அவர் பேலட் பேப்பரில் முத்திரை குத்தித் தன் வோட்டைப் பதிவு செய்தார். இடம் மாற்றிப் பாருங்கள், உடனே இடறும்.

சொல்லும்போதும் எழுதும்போதும்

எழுத்துக்கூட்டு பி, ஏ, எல், எல், ஓ, டி. நடுவில் இரண்டு 'எல்', கடைசியில் ஒரே 'டி'. 'பேலட்டிங்' என்று நீட்டும்போதும் 'டி' இரட்டிக்காது. அழுத்தம் முதல் அசையில் வரும். ஓ-வை நீக்கி இ போட்டால் அது நடன வகை. அதைச் சொல்வதும் 'பேலே' என்றுதான், 'டி' ஒலிக்காது.

தமிழில் ஓட்டைப் 'போடுகிறோம்' என்பதால் ஆங்கிலத்திலும் 'புட்' என்ற வினையைச் சேர்ப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஆங்கிலத்தில் பேலட்டுக்கும் வோட்டுக்கும் உரிய வினை 'காஸ்ட்'. தேர்ந்தெடுத்த முறையைச் சொல்ல 'பை பேலட்', 'பை சீக்ரெட் பேலட்' என்று எழுத வேண்டும்.

'ஆன் தி பேலட்' என்றால் போட்டியிடுகிறவர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று பொருள். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குக் குடிபோய், பட்டியலிலும் பெயரை மாற்றிக்கொண்ட ஒருவர் நாடாளுமன்றத் தேர்தலில் சேலம் வேட்பாளரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் நாடாளுமன்றத்துக்குக் கள்ளக்குறிச்சித் தொகுதியில் சேர்ந்தது. சேலம் வேட்பாளர் அங்கே 'ஆன் தி பேலட்' இல்லை.

பேலட் வினைச்சொல்லாகவும் வரும். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களைப் 'பேலட் செய்தது' என்றால் அவர்களிடம் மறைவாக ஓட்டெடுத்தது என்று அர்த்தம். வேலைநிறுத்தத்துக்கு முன் பிரிட்டனில் தொழிற்சங்கங்கள் இதைச் செய்தாக வேண்டும். சில நாடுகளில் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் 'செகண்ட் பேலட்' நடக்கும். அங்கே பேலட் என்பது ஒரு சுற்று ஓட்டெடுப்பு.

ஓட்டே இல்லாத ஒரு பொருளும் உண்டு: குலுக்கல். மக்களவையில் கேள்வி கேட்க நோட்டீஸ் கொடுத்த உறுப்பினர்களில் யாருக்கு முன்னுரிமை என்பதைப் 'பேலட்' போட்டுத் தீர்மானிப்பார்கள். விம்பிள்டன் டென்னிஸ் டிக்கெட் பொதுமக்களுக்குப் 'பேலட்' மூலம் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை இந்தப் பொருளில்தான் பேலட். 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத சிறுவனை எடுக்கச் செய்தார்கள். அதை இன்றைய ஓட்டுப்பதிவோடு அப்படியே ஒப்பிட்டுப் பெருமை பேசுவது சரியல்ல. பெரும்பான்மையை எண்ணும் முறை அது அல்ல, யாருடைய கையும் முடிவை வளைக்க முடியாதபடி செய்யும் முறை. அதற்காகவே அது போற்றத்தக்கது.

காகிதத்தில் பேலட்

அரசு அச்சிட்ட ஒரே மாதிரிச் சீட்டு, மறைவான தடுப்பு என்ற முறை 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தொடங்கியது. பிரிட்டன் 1872-இல் சட்டமாக்கியது. இந்தியாவின் 1951-52 பொதுத் தேர்தலில் சீட்டில் குறி போட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருக்கும், விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு அது எளிது. ஆனால் குறியில்லாத சீட்டைப் பெட்டியில் போடாமல் மறைத்து வெளியே கொண்டுவந்து இன்னொருவருக்குக் கொடுக்க அதில் வழி இருந்தது. 1962 பொதுத் தேர்தலில் எல்லா வேட்பாளர் பெயரும் உள்ள ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறைக்கு மாறினார்கள். மலை ஊராட்சிகளில் இன்றும் இருப்பது இந்த முறைதான்.

சீட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. அடிக்கட்டையில் வாக்காளரின் கையெழுத்தோ கைரேகையோ இருக்கும். கிழித்துக் கொடுக்கும் பகுதியில் வேட்பாளர் பெயரும் சின்னமும் இருக்கும். பின்புறத்தில் வாக்குச்சாவடியின் அடையாள முத்திரையும் தலைமை அலுவலரின் கையெழுத்தும் இருக்கும். வாங்கியவுடன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். முத்திரையும் கையெழுத்தும் இரண்டுமே இல்லாத சீட்டு எண்ணும்போது தள்ளப்படலாம்.

மடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் நீளவாக்கில், அதாவது இடது பாதி வலது பாதி மேல் விழும்படி மடிக்க வேண்டும். பிறகுதான் குறுக்கே. காரணம் எளிது. பெயர்கள் வரிசை வரிசையாக ஒன்றன் கீழ் ஒன்று இருக்கின்றன. நீளவாக்கில் மடித்தால் காயாத மை அதே வேட்பாளரின் வரிசையிலேயே ஒட்டும். குறுக்கே மடித்தால் கீழே இருக்கும் வேறொருவரின் வரிசையில் ஒட்டும். சுவஸ்திக் முத்திரை என்று நம் ஊரில் சொல்லும் அந்தக் குறி இடவலம் மாறினால் தெரியும் வடிவம் கொண்டது. ஒட்டிய மை இடவலம் மாறித் தெரிவதால் எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுகிறவர்கள் பிரித்துவிட முடியும். இருந்தாலும் அந்த வாக்குவாதத்துக்கே இடம் தராமல் மடிப்பது மேல்.

ஓட்டு செல்லாமல் போகும் வழிகள் இவை: இரண்டு பேருக்குக் குத்துவது, இரு வரிசைக்கும் நடுக்கோட்டில் குத்தி யாருக்கு என்று தெரியாமல் செய்வது, கொடுத்த முத்திரையை விட்டுவிட்டுப் பேனாவால் குறி போடுவது, பெயரோ கையெழுத்தோ எழுதித் தன்னை அடையாளம் காட்டுவது. கடைசியானது பலருக்கு வியப்பாக இருக்கும். 'நான்தான் போட்டேன்' என்று காட்டும் எந்தக் குறியும் சீட்டைச் செல்லாததாக்கும். மறைவு வாக்காளருக்குத் தரும் சலுகை மட்டும் அல்ல, விலைக்கு வாங்கிய ஓட்டைச் சரிபார்க்கும் வழியை அடைப்பதும் அதுதான். ஆனால் ஒரே வேட்பாளருக்கு இரண்டு முறை குத்திவிட்டாலோ முத்திரை மங்கலாக விழுந்தாலோ, யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் அந்த ஓட்டைத் தள்ளக்கூடாது.

இங்கே ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள், தமிழில் இரண்டையும் 'செல்லாத ஓட்டு' என்று ஒன்றாக்கிவிடுகிறோம். பூத்துக்குள்ளேயே கைதவறி, சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்தால் அது 'ஸ்பாயில்டு பேலட்'. தலைமை அலுவலர் அதை ரத்து செய்துவிட்டு வேறு சீட்டு தருவார். கேட்கத் தயங்க வேண்டாம். எண்ணும் மேசையில் தள்ளப்படுவது 'ரிஜெக்டெட் பேலட்'. அதற்கு மாற்று கிடையாது.

காகித பேலட்டின் எல்லை எது என்பதைப் பக்கத்து ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி 1996-இல் காட்டியது. 1,033 வேட்பாளர்கள் நின்றதால் ஓட்டுச்சீட்டு புத்தகமாகவே ஆகிவிட்டது. அந்த ஆண்டே வைப்புத்தொகையைச் சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தினார்கள்.

இயந்திரத்தில் பேலட்

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரத்துக்கு மாறியது. சீட்டு போனாலும் சொல் போகவில்லை. அலுவலர் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் 'பேலட்' என்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அவர் அழுத்தினால்தான் தடுப்புக்குள் இருக்கும் பேலட் யூனிட்டில் பச்சை விளக்கு எரியும். ஒரு அழுத்தலுக்கு ஒரே ஓட்டு. முன்பு கிழித்துக் கொடுத்த காகிதத்தின் வேலையை இப்போது அந்தப் பொத்தான் செய்கிறது. பச்சை விளக்கு எரியாமல் நீலப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் பதிவாகாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று சத்தம் போடுவதற்கு முன் அந்த விளக்கைப் பாருங்கள்.

ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான்கள். நோட்டாவுக்கு ஒன்று போக 15 வேட்பாளர்களுக்கு மேல் இருந்தால் இரண்டாவது யூனிட்டைப் பக்கத்தில் வைப்பார்கள். யூனிட்டில் பொருத்திய காகிதமும் பேலட் பேப்பர்தான். மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்துப் பதிவு மட்டும் செய்த கட்சிகள், பிறகு சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. அதனால் பெரிய கட்சிக்காரர் மேலேயும் சுயேச்சை கீழேயும் இருப்பதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. அழுத்தியபின், பக்கத்தில் இருக்கும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள், யாருக்குப் போட்டீர்கள் என்று காட்டும் சீட்டு 7 விநாடி தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

நோட்டாவும் மறைவிலிருந்து பிறந்ததே. முன்பெல்லாம் யாருக்கும் ஓட்டில்லை என்றால் அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்திட வேண்டும். பூத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சி ஏஜென்டுக்கும் அது தெரிந்துவிடும். ஓட்டுப் போடாதவரின் மறைவும் காக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. அதன்பின் தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதலில் வந்த இடம் ஏற்காடு, 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தலில்.

மலைப் பூத்துகளுக்கு இன்னொரு கவலை உண்டு. ஓட்டு பூத் வாரியாக எண்ணப்படுவதால், சில நூறு பேர் மட்டும் ஓட்டுப் போடும் ஊரில் தனி ஆள் யாருக்குப் போட்டார் என்பது தெரியாவிட்டாலும் ஊர் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும். காகித காலத்தில் பல பூத்துச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி 59ஏ இடம் கொடுத்தது. இயந்திர எண்ணிக்கைகளைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. நடைமுறைக்கு வரவில்லை. வர வேண்டிய ஒன்று என்பதே எங்கள் உறுதியான எண்ணம்.

பேலட் போலத் தெரிவதும், வேறு வகைகளும்

வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பைச் சேலத்தில் பலர் 'ஓட்டுச்சீட்டு' என்பார்கள். அது பேலட் அல்ல. பாகம் எண், வரிசை எண் சொல்லும் தகவல் சீட்டு, அவ்வளவே. அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது, அடையாள அட்டையும் வேண்டும்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டால் 'டெண்டர்டு பேலட்' கேட்கலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்லி, படிவம் 17பி-யில் கையெழுத்திட்டால் காகிதச் சீட்டு தருவார்கள். குறியிட்டதும் தனி உறையில் வைப்பார்கள். அது இயந்திரத்துக்குள் போகாது, வழக்கமான எண்ணிக்கையிலும் சேராது. நீதிமன்றம் கேட்டால் சான்றாக இருக்கும். எண்ணமாட்டார்களே என்று வாங்காமல் திரும்பிவிடாதீர்கள். கள்ள ஓட்டு விழுந்ததற்கு எழுத்துப்பூர்வமான தடயம் அது. 'சேலஞ்ச் வோட்' வேறு. வந்தவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது அது.

போஸ்டல் பேலட்டில் நான்கு காகிதங்களின் உறவு புரிய வேண்டும். ஓட்டுச்சீட்டு உள் உறைக்குள் போகும், அதன் எண் 13பி. உறுதிமொழிப் படிவம் 13ஏ அந்த உறைக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 13சி என்ற பெரிய உறைக்குள் போகும். உறுதிமொழியை 13பி-க்குள் வைத்து ஒட்டிவிடுவது, கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லாமல் விடுவது, சீட்டின் வரிசை எண்ணைத் தவறாக எழுதுவது: படித்தவர்களின் ஓட்டுகள் இந்த மூன்றால்தான் திறக்கப்படாமலே கழிகின்றன. எண்ணுகிறவர்கள் முதலில் 13ஏ-வைச் சரிபார்த்து ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகே 13பி-யைத் திறப்பார்கள். பெயரும் ஓட்டும் ஒரே சமயத்தில் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. 85 வயதுக்கு மேற்பட்டவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் தேர்தல் அறிவிக்கையிலிருந்து 5 நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தால் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள். அதற்கு ஒப்புதல் ஆனபின் பூத்துக்குப் போய்ப் போட முடியாது.

'ஓப்பன் பேலட்' கேட்பதற்கே முரணாக இருக்கும். மாநிலங்களவைத் தேர்தலில் 2003 முதல் அதுதான் நடைமுறை. கட்சியின் எம்.எல்.ஏ. குறியிட்ட சீட்டைத் தன் கட்சி ஏஜென்டிடம் காட்டியபின் பெட்டியில் போட வேண்டும். சேலம் மாவட்டத்தின் 11 எம்.எல்.ஏ.க்களுக்கும் இது பொருந்தும். குடியரசுத் தலைவர் தேர்தலில் அதே 11 பேரும் போடுவது சீக்ரெட் பேலட்.

கைத்தறிச் சங்கத்துக்கோ குடியிருப்போர் நலச் சங்கத்துக்கோ நீங்களே சீக்ரெட் பேலட் நடத்துவதானால்: 60 உறுப்பினர் என்றால் 65 சீட்டுகள் அச்சிட்டு, பின்புறம் இரண்டு பேர் கையெழுத்திடுங்கள். சீட்டில் எண் போடாதீர்கள், பெயர்ப்பட்டியலில் மட்டும் கையெழுத்து வாங்குங்கள். எல்லோரும் ஒரே நிற மை, ஒரே முத்திரை. ஆளுக்கொரு பேனா வேண்டாம், கையெழுத்து காட்டிக்கொடுக்கும். தடுப்புக்குள் செல்போன் கூடாது. வெறும் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு ஒட்டுங்கள். எண்ணுவதற்கு முன் சீட்டுகளை நன்றாகக் கலந்துவிட்டு, ரத்தானது, மீதி, பெட்டியில் இருந்தது ஆகிய மூன்றையும் கூட்டினால் அச்சிட்ட 65 வருகிறதா என்று பாருங்கள். பெட்டியில் கொடுத்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தாலும் பெயர்களைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். முதலில் பின்புறக் கையெழுத்துகளைச் சரிபாருங்கள், கையெழுத்தில்லாத சீட்டு அங்கேயே வெளியே வரும்.